தோள் டக்

மார்ச் 3

வீட்டு நிதி மந்திரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வேலையும் கொடுத்துவிட்டார்கள். நாள் முழுக்கக் காலர் மட்டும் தைக்கிறேன். சட்டையின் மீதி உடம்பை யார் தைக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

பாப்பாவுக்குத் துணி வாங்காதே. கண்ணை மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடும் வயசு. கடையில் கொடுக்கிற காசு ஆற்றில் கரைத்த புளிதான். கிளம்பும் முன் மிச்சம் விழுந்த நீலத் துணியில் ஆறு கவுன் தைத்து வைத்தேனே, ஒரு வருஷத்துக்குக் காணும். ஒவ்வொன்றிலும் தோளில் ஒரு டக், கீழே இரண்டு டக் பிடித்திருக்கிறேன். கை நுழையச் சிரமப்பட்டால், தோளில் மடித்துத் தைத்திருப்பதைப் பிளேடால் பிரித்துவிடு. துணி இறங்கிக் கொடுக்கும். பிரிக்கும்போதெல்லாம் எனக்கு எழுது. அவள் வளர்வதை இங்கிருந்து நான் அப்படித்தான் பார்க்க முடியும்.

உன் தையற்காரன்

மே 19

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் மந்திரி கெட்டிக்காரி. இதுவரை ஒரு துணி வாங்கவில்லை. டக்கையும் தொடவில்லை, கவுன் இன்னும் சரியாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னடி, இன்னும் அதே கவுனா? என் பிள்ளைக்கு மூணு மாசத்துல எல்லாமே பத்தாமப் போச்சே" என்றார். "எங்க வீட்டுத் தையல் அப்படி" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

மத்தியானச் சமையலையும் நிறுத்திவிட்டேன். ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பு? ராத்திரி வரைக்கும் டீயிலேயே ஓடிவிடுகிறது. பாப்பா ரொம்பச் சமர்த்து. அழுவதே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறாள்.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 2

நிதி மந்திரிக்கு,

சிக்கனத்துக்கு உனக்குப் பட்டமே கொடுக்கலாம். ஆனால் உன் கடிதத்தை மடித்து வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பிறந்து நாலு மாதம். தோள் டக் எப்போதோ பிரிந்திருக்க வேண்டும். நான்தான் தொளதொளவென்று தைத்துவிட்டேனா? பக்கத்து மெஷின்காரரிடம் சொன்னேன். "குழந்தை அழாதா? கொடுத்து வச்சவன்யா நீ" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கையில் இருந்தவரை தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதவள் அவள்.

ஒரு போட்டோ அனுப்பு.

உன் தையற்காரன்

ஜூன் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

போட்டோ இத்துடன் இருக்கிறது. நேற்றுதான் தோள் டக்கைப் பிரித்தேன். போதுமா? வீணாகக் கவலைப்பட்டு விரலில் ஊசியை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பாப்பாவின் அம்மா

ஜூன் 26

என் கண்ணுக்கு,

உனக்குப் பொய் சொல்ல வராது. இத்தனை மாதம் துவைத்த துணியில் டக்கைப் பிரித்தால், மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வெளுக்காமல் பட்டையாகத் தெரியும். போட்டோவில் தோள் முழுக்க ஒரே வெளுப்பு. நீ பிரிக்கவே இல்லை.

அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பால் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு டீயில் ஓட்டுகிறாயா? நான் டக் பிடித்தது துணியில். நீ வயிற்றில் பிடித்திருக்கிறாய். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போ. காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

உன் தையற்காரன்

ஜூலை 20

என் கண்ணுக்கு,

பதில் இல்லை. இன்று ஒரு காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். மேஸ்திரி கத்தியது காதிலேயே விழவில்லை. நல்லதோ கெட்டதோ, எழுது.

ஆகஸ்ட் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

கோபிக்காதீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்றே போனேன். பாப்பாவை எடை போட்ட டாக்டரம்மா, அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ கடைசியா எப்பம்மா வயிறாரச் சாப்பிட்ட?" என்றார். பால் போதவில்லையாம். அழக்கூடத் தெம்பில்லாமல்தான் தூங்கியிருக்கிறாள். அதைப் போய்ச் சமர்த்து என்று எழுதினேனே, பாவி நான். எனக்கு மூன்று வேளைச் சாப்பாடு, அவளுக்குப் புட்டிப் பாலும் சேர்த்து, வாரா வாரம் எடை என்று சொல்லி அனுப்பினார்.

எடை ஏறாமல் எந்த முகத்தோடு உங்களுக்கு எழுதுவது? பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். கவுன் போடும்போதெல்லாம் தோளைத் தடவிப் பார்ப்பேன். தொளதொளவென்றுதான் இருக்கும். போன மாதம் கொஞ்சம் எடை ஏறியது என்றார்கள். அப்போதும் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை கை நுழையவில்லை. பாதி வழியில் மாட்டிக்கொண்டது. அவள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "என்னடி ஆச்சு?" என்றார். "பத்தலக்கா! கவுன் பத்தல!" என்று சிரிக்கிறேன், அழுகிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே அவர் நினைத்திருப்பார்.

பிரித்துவிட்டேன். நீங்கள் சொன்ன பட்டை இருக்கிறது, நல்ல நீலம். இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன். அதை நம்பாவிட்டால், பிரித்த நூலும் கவருக்குள் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், திட்டக் கூடாது. டக் எதுவும் இல்லாமல், உடம்புக்குச் சரியாக ஒரு கவுன் கடையில் வாங்கி அனுப்புங்கள். அடுத்த மாதமே பத்தாமல் போகட்டும்.

உங்கள் முன்னாள் நிதி மந்திரி