அப்பாவைச் சமாளிப்பது: இரண்டு மணி நேரம்

வாலு,

நேற்று உங்கள் வகுப்பில் ஸ்ப்ரெட்ஷீட் நடத்தும்போது, ஒரு நாள் எதெதில் போகிறது என்று நாம் எழுதிய நேரக் கணக்குகளில், மாதிரிக்கு என்னுடையதைத் திறப்பதாக நினைத்து உன்னுடையதைத் திரையில் போட்டுவிட்டேன். 'அப்பாவைச் சமாளிப்பது: இரண்டு மணி நேரம்' என்ற வரியைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நானும் அசடு வழிந்தேன். அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. மன்னித்துவிடு.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். ஓடு வெடித்த முட்டை எனக்கு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு.

– அப்பா

பி.கு.: கணக்கில் எந்த வரியின் நேரத்தைக் குறைக்கலாம் என்பதுதான் வீட்டுப்பாடம். என்னைத்தான் குறைக்கப்போகிறாய் என்றால் நேராகவே சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். பதில் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அப்பா, கோபம் இன்னும் போகல. ஆனா குறைச்சா தூக்கத்தைத்தான் குறைப்பேன். அப்பாவைச் சமாளிக்கிற அந்த வரியில நீங்க கை வைக்காதீங்க.