அவுக்க வேணாம் மாமா

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் காற்று செத்து ஒரு வாரம். பரீட்சைக்கு இன்னும் 47 நாள்.

இன்றைய வேலை:
மருந்தியல் 150 கேள்வி.
கண், காது ரிவிஷன்.
தலைக்குக் குளியல் (நேற்றும் இதையேதான் எழுதியிருக்கிறேன்).

ஆறு வருடம் வெளிநாட்டில், பிஷ்கெக்கில், எம்.பி.பி.எஸ். அங்கே ஒரு நோயாளியைச் சுற்றி இருபது பேர், நான் எப்போதும் கடைசி வரிசை. பாஷை புரியாது. புரியாதது எவ்வளவு சௌகரியம் என்று இப்போதுதான் தெரிகிறது. இங்கே வைத்தியம் பார்க்க இன்னொரு பரீட்சை. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாயிற்று. சட்டப்படி தலைவலிக்குக்கூட நான் மாத்திரை எழுதக் கூடாது. ஆனால் அப்பா வாசலில் பலகை மாட்டிவிட்டார். டாக்டர் கே. மஞ்சுளா. கழற்றச் சொன்னால், "பாஸாகப் போறவதானே. பலகை கொஞ்சம் முன்னாடி வந்துட்டா இன்னா இப்ப?" என்கிறார்.

பலகையைப் பார்த்துவிட்டுத் தெருவே வருகிறது. நாக்கை நீட்டுகிறார்கள். முதுகைத் திருப்பிப் படையைக் காட்டுகிறார்கள். போன வாரம் ஒருவர் சளியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். "இன்னா கலருன்னு நீயே பாத்துச் சொல்லும்மா." உவ்வே.

மதியம் சோற்றில் கை வைத்ததும் பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா. சொந்தமில்லை, சின்ன வயதிலிருந்தே மாமா. பட்டு நெய்கிறவர். பத்து வருடமாகச் சர்க்கரை. இடது கால் சுண்டுவிரலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. மஞ்சளாகக் கறை. ஒரு வாடை.

"கால் ஆணி மாதிரி ஒண்ணு இருந்துச்சும்மா. இப்ப சீழ் கோத்துக்கினு இருக்குது" என்று கீழே உட்கார்ந்து கட்டைப் பிரிக்கப் போனார்.

"அவுக்க வேணாம் மாமா. பரவால்ல, புரியுது."

வலது கை எச்சில். இடது கையால் துண்டுக் காகிதத்தில் ஆன்டிபயாடிக் பெயர், ஐந்து நாளைக்கு. "சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" "போட்டுக்கினுதான் இருக்குறேன் டாக்டரம்மா." காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். பிரசாதமா அது?

மருந்தியல் 90தான் முடிந்தது.

ஜூன் 11, புதன்

மாதிரித் தேர்வு. 300க்கு 161. பாஸ் மார்க் 150. முதல் தடவையாகத் தாண்டியிருக்கிறேன்!

ஒரு கேள்வி: சர்க்கரை நோயாளி, காலில் புண், முதலில் செய்ய வேண்டியது என்ன? கட்டை அவிழ்த்து இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு உட்படப் பார்ப்பது. டக்கென்று டிக் அடித்தேன். சரியான விடை. மாமா நினைவு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அடுத்த கேள்வி தைராய்டு.

அம்மா போனில் கல்யாணத் தரகரிடம்: "பாஸாயிட்டான்னே வெச்சிக்கோங்களேன்... ஃபாரின்ல படிச்சா இன்னாங்க, அதுவும் அதே எம்.பி.பி.எஸ்.தானே?" கதவைச் சாத்திக்கொண்டேனே தவிர, போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் நிற்கவில்லை.

ஜூன் 14, சனி

எழுத்தெல்லாம் கோணல்.

பத்து மணிக்கு சகுந்தலா அத்தை, ஏழுமலை மாமாவின் மனைவி, ஓடி வந்தாள். "நேத்துலேர்ந்து ஜுரம்மா. ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. சொன்னா கேக்காம தறியில போயி குந்திக்கினு இருக்காரு. முகூர்த்தப் பொடவயாம்."

போனேன். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்துக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவப்பு. அறை வாசலிலேயே நாற்றம். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

தூக்கி மேலே உட்காரவைத்தோம். துணி ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து நானே பிரித்தேன். சுண்டுவிரல் கறுப்பு. சுத்தக் கரி. பக்கத்து விரல் ஊதா. பாதி பாதம் வீங்கி மினுமினுக்கிறது. விரலின் அடியில் சதைக்குள் ஏதோ கோடு. துடைத்துப் பார்த்தால் நூல். அரக்குக் கலர்ப் பட்டு. மூன்று சுற்று, முடிச்சு.

"இது இன்னா மாமா?"

"மருவுக்கு நூலு கட்டுனா தானா வுழுந்துடும்ல? அதான் ஆணிக்கும் கட்டிப் பாத்தேன். நிக்கல, நழுவிக்கினே இருந்துச்சு. வெரலோட சேத்து இறுக்கிட்டேன்."

"சாதா நூலு அறுந்துடும்னு பட்டுலயே முறுக்கிக் கட்டுனாரு" என்றாள் அத்தை. "வலிக்கவே இல்லன்னாரும்மா."

வலிக்காது. சர்க்கரையில் மரத்துப்போன கால். எரித்தாலும் தெரியாது. அதில் அறவே அறாத நூலாகப் பார்த்து எடுத்துக் கட்டியிருக்கிறார் மனுஷன்.

கத்தரியை நுழைத்து நறுக்கினேன். உள்ளேயிருந்து வந்ததை எழுத மாட்டேன். கொல்லைச் சாக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அத்தை பின்னாலேயே வந்து என் முதுகைத் தடவிவிட்டாள். அவள் எனக்கு!

நூல் கட்டியது 5ஆம் தேதி. என்னிடம் வந்தது 9. அன்றைக்குத் துணியைப் பிரித்திருந்தால் நூல் கண்ணில் பட்டிருக்கும். ஒரு கத்தரி போதும், டாக்டர்கூட வேண்டாம். விரல் பிழைத்திருக்கும், அநேகமாக. இந்த 'அநேகமாக'வும் நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

ஷேர் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரி. அட்மிஷன்.

ஜூன் 15, ஞாயிறு

வார்டில் பினாயிலும் மூத்திரமும் கலந்த நெடி. டூட்டி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். இங்கேயே படித்தவள். கையுறை மாட்டிக்கொண்டு, மூக்கைச் சுளிக்காமல், குனிந்து விரல் இடுக்கு இடுக்காகப் பார்த்தாள். எனக்கு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன.

"இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா? மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல மேடம். யாராண்டயும் காட்டல. எந்த மாத்திரயும் போடல. எல்லாம் என் தப்புதான்."

"ஏன்தான் எல்லாரும் இப்படிப் பண்றீங்களோ! கால் போற வரைக்கும் வீட்டுலயே வெச்சிருந்துட்டு..." திட்டு முழுக்க அவருக்கு. தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நான் சாப்பாட்டுக் கேரியரைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

"நீங்க யாரு?" என்றாள் என்னிடம்.

"பக்கத்து வீடு."

சுண்டுவிரலை இன்றே எடுத்துவிட்டார்கள். மருந்து கேட்டால் இதோடு நிற்கும். கேட்காமல் மேலே ஏறினால் கணுக்காலோடு எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். தறியை மிதிக்கிற கால். அது போனால் மாமாவுக்குத் தறி இல்லை.

டாக்டர் போனதும் மாமா மெதுவாக, "உன் பேரு எதுக்கும்மா நடுவுல வரணும். பரீட்சை இருக்குதுல்ல உனுக்கு" என்றார்.

"தேங்க்ஸ் மாமா" என்றேன். தேங்க்ஸாம். த்தூ.

ஜூன் 16, திங்கள்

கேள்வி: பூஜ்யம்.

மாமா காலில் சிவப்பு மேலே ஏறியிருக்கிறது. அது எதுவரை என்று நேற்று டாக்டர் பாதத்தில் பேனாவால் போட்ட கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை. கட்டிலில் தொங்கும் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் ஊசியும் நான் எழுதிக் கொடுத்த மாத்திரையும் ஒரே வகை. ஐந்து நாள் விழுங்கியும் அது கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். மருந்து தருகிற டாக்டருக்குத் தெரியாது.

சொன்னால்: போலி டாக்டர் என்று புகார். பரீட்சை எழுத முடியாமலே போகலாம்.
சொல்லாவிட்டால்: கணுக்கால்.

இதை எடைபோட எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் மூன்று டீ. ஒரு மனுஷன் காலா, என் பரீட்சையா என்று யோசிக்க மூன்று டீ! என் மூஞ்சியில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்.

நாலு மணிக்குப் போய்ச் சொன்னேன். மாத்திரை பெயர், எத்தனை நாள், யார் எழுதியது, எல்லாம்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. ஃபாரின்ல முடிச்சிருக்கேன். இங்க இன்னும் பாஸ் பண்ணல."

"புண்ணைப் பாக்காமலேயா எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சீட்டை வாங்கி ஊசியை மாற்றி எழுதினாள். பிறகு என் பெயர், முகவரி கேட்டாள். சொன்னேன், குறித்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

மாமாவுக்குக் கோபம். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒருத்தன் கம்முனுதானே இருந்தேன்? உனுக்கு இன்னா வந்துச்சு?"

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டுப் பலகையைக் கழற்றினேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா அழுகை: "தெருவுல இன்னா நெனப்பாங்க?"

ஜூன் 19, வியாழன்

காலையில் தூறல். மண் நனைவதற்குள் நின்றுவிட்டது.

நேற்று இன்னொரு விரலும் போனது. ஜுரம் இறங்கியிருக்கிறது, சிவப்பும் இறங்குகிறது. கணுக்கால் தப்பியது என்கிறார்கள். மூன்று நாளுக்குப் பிறகு மாமா என்னிடம் பேசினார்.

"மிதி மிதிக்க முடியுமாம்மா?"

"தெரியல மாமா."

தெரியாது என்று ஒரு நோயாளியிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தைக்கு இத்தனை நாள் முழு விவரம் தெரியாது. நேற்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். கட்டில் ஓரத்தில் கஞ்சி டம்ளரோடு உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"அன்னிக்கு நொண்டிக்கினே உன்னாண்டதானே வந்தாரு. அவுத்துப் பாக்கலியா நீ?"

"இல்ல அத்தே."

"ஏம்மா?"

"சாப்பிட்டுக்கினு இருந்தேன்."

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். வார்டே திரும்பிப் பார்க்கட்டும் என்றுகூட இருந்தது. கத்தவில்லை.

"இன்னா சாப்ட்ட?"

"முருங்கக்கா சாம்பாரு. அப்பளம்."

தலையாட்டினாள். கஞ்சியை இந்த டம்ளரிலிருந்து அந்த டம்ளருக்கு ஆற்ற ஆரம்பித்தாள். ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"வயிறு ரொம்புச்சா?"

ரொம்பியது. அன்றைக்கு மறுசோறு வாங்கினேன்.