அம்மாவின் ரத்தத்தில் இருந்தது

1984 பிப்ரவரி 3, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரியில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். அப்பா, அண்ணன், நான். மதினி வரவில்லை. அவள் பிள்ளை பிரகாசிக்கு நான்கு மாதம்தான் ஆகிறது, இந்தப் பனியில் வெளியே தூக்க முடியாது. அம்மா வயிற்றுப் புற்றுநோயில் இறந்தாள் அல்லவா, அந்த நோய் வந்த வீடுகளில் எல்லோர் ரத்தத்தையும் பார்க்க மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

ரத்தம் எடுத்தவர் பெயர் குருநாதன். "ஒங்க அம்மா ரத்தம்கூட எங்ககிட்ட ஐஸுல பத்திரமா இருக்கும்மா" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவை முழுசாகக் கல்லறையில் வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

மூஞ்சிக்கல் கடைத்தெருப் பக்கம் என்னோடு ஒன்பதாவது படித்த பெண்களைப் பார்த்தேன். சிரித்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் மளிகைக் கடைக்குள் போய் நின்றுகொண்டேன். அம்மாவைப் பார்க்கப் பள்ளியை விட்டவள். இப்போது பேச்சையும் விட்டுவிட்டேனா?

பிரகாசியிடம் பேச வேண்டியதில்லை. கழுத்தில் முத்தம் கொடுத்தால் போதும். வீடே அதிரச் சிரிக்கிறாள்.

மார்ச் 27, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவுக்குத் தோட்ட வேலை, அண்ணனுக்கு டாக்ஸி. நான் மட்டும் போனேன். நர்ஸ் தாளைப் பார்த்தபடி சொன்னார்: "ஒன் ரத்தத்துல ஒரு வைரஸோட ஆன்டிபாடி இருக்கு. கொஞ்சம் கூடுதலாவே இருக்கு. ஒங்கம்மாவுக்கும் இப்படித்தான்."

அது எப்படி வரும் என்று கேட்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

"எச்சில்ல பரவும். பயப்படாத. ஜூன்ல அவங்க மறுபடி வருவாங்க, வந்துரு." அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். எனக்கு இன்னும் கேள்வி இருந்தது. வாய் வரவில்லை.

கடைசி நாட்களில் அம்மா பாதி குடித்து வைத்த கஞ்சியை நான்தான் குடிப்பேன். வீணாக்கக் கூடாதென்று. அப்படித்தானே வந்திருக்கும்? இப்போ எங்கிட்ட இருக்கு. நான் பிரகாசிக்குக் குடுத்துட்டேனா? எத்தனை முத்தம் — ஆண்டவரே.

மார்ச் 28

எனக்கென்று ஒரு டம்ளரும் தட்டும் பிரித்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, புதன்

மதினி கேட்டுவிட்டாள். "ஏன் புஷ்பம், எம் புள்ள ஒன்னையக் கடிச்சா வச்சிரும்? தூக்குற, மூஞ்சிய மட்டும் ரோட்டப் பாத்து வச்சுக்கிற?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அன்னக்கொடி அக்கா, "சின்னஞ்சிறுசுக்குத் தனக்கு ஒண்ணு வேணும்னு இருக்கும், ஒனக்குப் புரியலையா உபகாரம்?" என்று மதினியிடம் சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்துவைத்தேன். உள்ளே போய் அழுதேன்.

ஏப்ரல் 20, பெரிய வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்ய வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அப்பா. பின்னால் பிரகாசியோடு மதினி. ஒவ்வொருவர் முத்திய பிறகும் கோயில் உபதேசியார் பாதத்தைத் துணியால் துடைத்தார். ஒரே துணி. காலையிலிருந்து அதே துணியாக இருக்க வேண்டும், ஈரமாக இருந்தது. அப்பா எழுந்தார். அடுத்து நான். எனக்கடுத்து மதினி பிள்ளையின் வாயைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைப்பாள்.

வரிசையைவிட்டு விலகிப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். கோயிலில் இருந்த அத்தனை கண்ணும் என் முதுகில் இருந்தது.

ஏப்ரல் 22, உயிர்ப்பு ஞாயிறு

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாம்மா" என்று மட்டும் அப்பா சொன்னார். சாப்பிடாமல் எழுந்துபோனார். அண்ணன் என்னைப் பார்ப்பதே இல்லை. சிலுவையை முத்த முடியாத அளவுக்கு இந்தப் பெண் என்ன செய்தாள் என்று ஊர் கேட்கிறதாம்.

மே 6, ஞாயிறு

மதினி அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள்: "யாருன்னு மட்டும் சொல்லு. சீசனுக்கு மலைக்கு வந்தவனா? உள்ளூரா? ஒங்க அண்ணன்கிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

"யாருமில்ல மதினி. அம்மாவுக்கு வந்தது என் ரத்தத்துலயும் இருக்கு. எச்சில்ல ஒட்டுமாம். பாப்பாவுக்கு வந்துரும்." ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் உடனே தூங்கிக்கொண்டிருந்த பிரகாசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

மே 7, திங்கள்

வெள்ளனே மதினி பிள்ளையும் சால்வையுமாக வாசலில் நிற்கிறாள். கண் வீங்கியிருந்தது. "கெளம்பு. எனக்கும் எடுக்கச் சொல்லு. எனக்கும் இருந்தா ரெண்டு பேருமாத் தனித் தட்டுல திம்போம்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். வரும் வழியில் ஏற்றத்தில் மட்டும் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

ஜூன் 20, புதன்

குருநாதன் வந்திருந்தார். எனக்குப் பதில் மதினியே எல்லாம் கேட்டாள்.

"ஒங்களுக்கும் இருக்கும்மா" என்றார் அவர். "இவங்க அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு, அந்தா போறாரே டாக்டர், அவருக்கும் இருக்கும். நூறு பேரக் குத்துனா தொண்ணூறு பேருக்கு மேல இருக்கு. தோட்டத்துல காட்டுப்பன்னி வந்துட்டுப் போனாத் தடம் கெடக்கும்ல? ஆன்டிபாடிங்கறது அந்த மாதிரித் தடம். சின்னப் புள்ளையில வந்திருக்கும், யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

"எம் புள்ளைக்கு?"

"எச்சி படாம வளர்ற புள்ள எங்கம்மா இருக்கு? வரும். வந்தாலும் சளி, காய்ச்சலோட போயிரும்."

மதினி விடவில்லை. "எங்க அத்தைக்கு வந்த நோவு இவளுக்கு வருமா? அதச் சொல்லுங்க."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "இந்த வைரஸ் இருக்கிற எல்லாருக்கும் அந்த நோய் வர்றதில்ல. அது நிச்சயம். ஆன்டிபாடி கூடுதலா இருக்கிறவங்களுக்கு மத்தவங்களவிட வருதான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கோம். இப்போதைக்குத் தெரியல தாயி. யாருக்கும் தெரியல. வருசா வருசம் வாங்க."

தெரியவில்லை என்று ஒருவர் நேராகச் சொன்னது, ஏனோ, பயப்படாதே என்றதைவிட நன்றாக இருந்தது.

ஜூன் 21

அப்பாவிடம் மதினியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம். இருவருக்கும் பேச வரவில்லை. எனக்கு இந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று புரிந்தது.

வயிறு லேசாக எரிந்தால்கூட இனி அம்மா ஞாபகம் வரும். அதை யாரிடம் சொல்ல?

ஜூலை 5, வியாழன்

மதினி தாண்டிக்குடிக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள். முதல்முறையாகப் பிள்ளையை விட்டுவிட்டு. ஜீப்பில் ஏறியவள் தலையை நீட்டி, "பொழுது சாய வந்துருவேன். இட்லியப் பால்ல நல்லாக் கொழச்சுக் குடு, அவளுக்குச் சூடு ஆகாது" என்றாள்.

குழைத்தேன். கரண்டியில் எடுத்து என் வாயில் வைத்துச் சூடு பார்த்தேன். ஆறியிருந்தது. பிரகாசி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். அதே கரண்டியால் ஊட்டினேன்.