சிபிசியைப் பேசவிடாத பாட்டு

குவாமாஷு
ஞாயிறு, சாயங்காலம்

என் தங்க மகள் தோபிலேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மழை பிடித்த டப்ளினில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு தூங்கி, நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் ஒப்புக்கொண்டால் கூரை ஓட்டையை அடைக்கச் சொல்லிவிடுவேன் என்று இன்னும் நொண்டிக் காட்டுகிறார். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை டர்பன் குளிருக்கு அதிகம்தான், இருந்தாலும் வியர்க்க வியர்க்க அதைப் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறார், யாராவது எங்கே வாங்கியது என்று கேட்க வேண்டுமாம். அடுத்த வீட்டு மாபெங்குவின் மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. சரி, இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல வந்தது வேறு. போனில் ஆரம்பித்தால் "பழசை விடும்மா" என்று பாதியிலேயே நிறுத்திவிடுவாய், அதனால்தான் கடிதம். நான் பழசை விடவில்லை தோபிலே.

அந்த சாயங்காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். டர்பனிலிருந்து வரும் ரயிலில், மூன்றாம் பெட்டியில் தினமும் நடக்கும் நம் ஜெபத்தில், பிரசங்கியார் சிபிசி வேதப் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் மகன் லுவாசி உன்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கைவிட்டிருந்தான், பிறகு ஓடும் ரயிலிலிருந்து விழுந்து காலை இழந்திருந்தான். "ஒரு பொண்ணு வயித்தெரிச்சல்ல என் புள்ளைக்கு மருந்து வச்சுட்டா. இதோ, ஜன்னலோரம் ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கா பாருங்க, தோபிலேன்னு பேரு" என்றார். மறுநாள் மூச்சுவிட இடமில்லாத அந்தப் பெட்டியில் உன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருந்தது. நீ நர்ஸாக இருந்த மருத்துவமனையில் நோயாளிகள் உன் கையால் ஊசி போட்டுக்கொள்ள மாட்டோம் என்றார்கள். கடைசியில் நீ கடல் கடந்து போனாய்.

ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள் டஃப்ஸ் ரோடு நிலையத்தில் லுவாசியைப் பார்த்தேன். கக்கத்தில் ஊன்றுகோலோடு நின்றவன் என்னைக் கண்டதும் திரும்பிக்கொள்ளப் பார்த்தான், நான் விடவில்லை, நேரே போய் நின்றேன். அழுதுவிட்டான். "அம்மா, அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன். வாசல்ல தொங்கிட்டு வந்தேன், கை வழுக்கிடுச்சு. ஆஸ்பத்திரியிலேயே அப்பாகிட்ட சொல்லிட்டேன். பிரசங்கி மகன் குடிகாரன்னு ஊர் சிரிக்கும், வாயைத் திறக்காதேன்னாரு" என்றான். அப்படியென்றால் சிபிசி தெரிந்தேதான் உன்னைச் சொல்லியிருக்கிறார். அன்றே பெட்டியில் போய்க் கத்தலாம் என்றிருந்தது, ஆனால் கத்தினால் சூனியக்காரியின் அம்மாவும் ஆடுகிறாள் என்பார்கள். வேறு வழி தேடினேன். ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும்போதெல்லாம் அதே யோசனை, ஒரு விரிப்பைக் கருக்கிவிட்டுத் திட்டும் வாங்கினேன்.

நம் ரயில் ஜெபத்தின் வழக்கம் உனக்குத் தெரியுமே, யாராவது பாட்டெடுத்தால் பிரசங்கி காத்திருக்க வேண்டும், சாமி பாட்டை நிறுத்து என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அடுத்த திங்கள்கிழமை ரயில் கிளம்பியதும் சிபிசி தொண்டையைக் கனைத்துக்கொண்டு "சகோதரிகளே" என்றார், நான் பாட ஆரம்பித்தேன். என் குரல் உனக்குத் தெரியும். பெண்கள் பின்பாட்டுப் பாடி, பெட்டிச் சுவரைத் தட்டித் தாளம் போட, அவரும் சிரித்துக்கொண்டே கை தட்டினார். உம்கேனி நிலையம் தாண்டிப் பாட்டு முடிந்ததும் மறுபடி "சகோதரி" என்றார், நான் அடுத்த பாட்டைத் தொடங்கினேன். அவோகா வருவதற்குள் அவர் முகத்தில் சிரிப்பில்லை. மாபெங்கு என் காதில் "என்னக்கா, இன்னைக்கு உன்மேல என்ன இறங்கியிருக்கு?" என்றாள். வீட்டுக்கு நடந்து வரும்போது லுவாசி சொன்னதை அவளிடம் சொன்னேன், அவளிடம் சொன்னால் போதாதா. மறுநாளிலிருந்து பெண்கள் விஷயம் தெரிந்தே பாடினார்கள், பாட்டில் பல் முளைத்திருந்தது. அவர் ஐந்தாம் பெட்டிக்கு மாறினார், நாங்களும் மாறினோம். முதல் பெட்டிக்குப் போனார், கூடையும் பையுமாகப் பின்னாலேயே போனோம். சில நாள் ரயிலை விட்டு வேனில் போய்ப் பார்த்தார். அங்கே ஓட்டுநர் போடும் பாட்டில் காது கிழிந்து, எங்கள் பாட்டே தேவலாம் என்று திரும்பி வந்துவிட்டார்.

பிறகு சபைப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தார். "மாகுமேதே, உனக்கு என்னதாம்மா வேணும்?" என்று கேட்டார். "என் பொண்ணு பேரை எந்த இடத்துல சொன்னீங்களோ அங்கேயே, அதே வாயால உண்மையைச் சொல்லுங்க" என்றேன். "தனியா மன்னிப்பு கேட்டுக்கறேனே" என்று இழுத்தார். "அன்னைக்குத் தனியாவா சொன்னீங்க?" என்றேன். தேநீர் கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை.

போன வாரம் வெள்ளிக்கிழமை மூன்றாம் பெட்டியில் எழுந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. "என் மகன் குடிச்சுட்டு விழுந்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தோபிலே மேல பழி போட்டேன்" என்றார். ஆரஞ்சுத் தோலும் கடலை உமியும் கிடந்த நடைபாதையில் அப்படியே முட்டி போட்டுவிட்டார். நம் சபை வழக்கப்படி, பாவத்தை ஒப்புக்கொண்டவனைப் பாதிக்கப்பட்டவள்தான் பாடி எழுப்ப வேண்டும். நீ இல்லாததால் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "எடு அக்கா" என்று மாபெங்கு விலாவில் இடித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். குவாமாஷு வரை சக்கரச் சத்தம் மட்டும்தான். நாங்கள் இறங்கும்போதும் அவர் முட்டி போட்டபடியே இருந்தார். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்குச் சோளக்களியும் பயறும் இரண்டாம் தட்டு போட்டுச் சாப்பிட்டேன், நீ போன பிறகு அப்படிச் சாப்பிட்டதில்லை.

பாடி எழுப்பும்வரை அவர் பிரசங்கம் செய்யக்கூடாது என்று சபையில் சொல்லிவிட்டார்களாம். இனி தினமும் அவரும் நானும் வாயை மூடிக்கொண்டுதான் பயணம். அப்பா "போதும்டி, மனுஷன் ஒரு வாரத்துல பாதியா மெலிஞ்சுட்டான்" என்கிறார். "என் பொண்ணும் மெலிஞ்சுதான் விமானம் ஏறினா" என்றேன், நொண்டக்கூட மறந்து போய்க் கூரை ஏறினார். ஆனால் ஒன்று தோன்றியது மகளே. கெட்டது உன் பெயர், அந்தப் பாட்டை எடுக்க எனக்கு உரிமை கிடையாது. நீ பாடு என்றால் கடிதம் வந்த அன்றைக்கே பாடுகிறேன். வேண்டாம் என்றால் அவர் அப்படியே இருக்கட்டும், என்னை யாரும் அசைக்க முடியாது. போனில் சொல்லாதே, உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு, பெட்டியில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அவசரமே இல்லை, நன்றாக யோசி. யோசிக்க வருஷம் ஆனாலும் ஆகட்டும், ரயில் தினமும் ஓடுகிறது.

உன் தலைமுடியில் ஒன்றும் உதிராமல், வைத்த கால் வழுக்காமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது. ஈரக் காலுறையோடு தூங்காதே.

உன் ஒரு சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா,
மாகுமேதே