ஹாஸ்டல் கோடு ஏறிய மத்தியானம்

தோழி,

மவுஸைத் தொட்டால் இன்னும் உன் தைலம் மணக்கிறது. வெறும் தலைவலி என்று தேய்த்துத் தேய்த்தே ஏமாந்தோம். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. துடைத்துப் போடச் சொல்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை.

கூலிம் ஹைடெக் பூங்காவில் நம் தொழிற்சாலையின் இன்டர்நெட் முழுவதும் ஒரு ஃபயர்வால் பெட்டி வழியாகத்தான் போய்வரும். எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று திரையில் கோடுகள் காட்டும். அவற்றைக் கவனிப்பதுதான் நம் இருவர் வேலை. பாடாங் செராயிலிருந்து உன் காரில் வரும்போதே பாடத்தை ஆரம்பித்துவிடுவாய்: "கோட்டப் பாத்து ஆளத் திட்டாதடி. போய்ப் பாத்துட்டு அப்பறம் திட்டு."

அன்று மத்தியானம் நீ சாப்பிடப் போயிருந்தாய். வெளிநாட்டுத் தொழிலாளர் ஹாஸ்டலின் கோடு கிடுகிடுவென்று ஏறியது. 'இன்' என்று போட்டிருந்தது; ஹாஸ்டலுக்குள் வருவது என்று நினைத்தேன். கூட்டமாகப் படம் பார்க்கிறார்கள் என்று நானே முடிவு கட்டி, வேகத்தைச் சுருக்கிவிட்டேன். அவசரக்குடுக்கை என்று என்னை நீ சும்மாவா சொன்னாய்?

திரும்பி வந்து திரையைப் பார்த்ததும் உன் முகம் மாறியது. "ஹாஸ்டல் பக்கத்து 'இன்'னுன்னா பெட்டிக்குள்ள வர்றதுடி. அவங்க அனுப்புறது. யாருக்கோ எதையோ காட்டுறாங்க லா!" கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு ஓடினாய்.

நேப்பாளத் தொழிலாளி ஒருவர் இறந்திருந்தார். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை, இங்கேயே தகனம். அதற்கு முன் ஹாஸ்டல் வாசலில் சவப்பெட்டியைத் திறந்து வைத்து, கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் போனைத் தூக்கிப் பிடித்து, ஊரிலிருந்த அவர் அம்மாவுக்கும் சொந்தங்களுக்கும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தைத்தான் நான் நிறுத்தியிருந்தேன்.

நீ திரும்பி வந்து சொன்னபோது நான் உடைந்து அழுதேன். "அந்தம்மா பாத்துட்டாங்கடி. போய் மூஞ்சக் கழுவு" என்றாய். அந்த வார்த்தையை நம்பித்தான் இத்தனை நாள் எனக்குச் சோறு இறங்கியது. லீவு எடுக்கக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள் அல்லவா நீ.

இன்று அதே கோடு மறுபடி ஏறியது. "கட் பண்ணிடுங்கமா" என்றார் புது மேனேஜர். "போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று நடந்தேன். ஊரிலிருக்கும் மகளின் பிறந்தநாளுக்கு ஒருவர் இங்கே கேக் வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

கூட்டத்தில் பழைய ஆள் ஒருவர், நீ எங்கே என்று மலாயில் விசாரித்தார். சொன்னேன். அவர் அன்றைய கதையை எடுத்தார். படம் திரும்பி வருவதற்குள் சவப்பெட்டியை மூடி வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். அந்தம்மா கடைசிவரை மகன் முகத்தைப் பார்க்கவே இல்லையாம். நீ எல்லார் முன்னாலும் கைகூப்பி, தப்பு உன்னுடையது என்று அழுதாயாம். நல்ல மனுஷி என்றார்.

கேக் கையிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அவரிடம் சொன்னேன், அன்று நிறுத்தியது நீ இல்லை, நான்தான் என்று.

இவ்வளவு நாள் எனக்காக நீ தூக்கியது போதும். இனி அதை நான் தூக்கிக்கொள்கிறேன்.