பீடி வாசம்

பென்னாகரம்,
8-2-1974

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களை மதராஸ் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டபோது, அவரும் உங்கள் பக்கம் சேர்ந்துகொண்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் மூச்சிரைப்பு பீடியால்தான் என்று ஏழு வருஷமாக உங்கள் சட்டையை மோந்து பார்த்தவள் நான். நீங்கள் பீடியே தொடுவதில்லை என்று சத்தியம் செய்த அன்றும், கொல்லையில் துண்டு பீடி தேடினேன்.

"கிருமியை அரிச்சுக் கொல்ல உடம்பே ஒரு நீரைச் சுரக்குதும்மா. அது எல்லை மீறாம அடக்குற சத்து இவர் ரத்தத்துல ரொம்பக் கம்மி. அதான் நுரையீரலையே அரிக்குது. பரம்பரையா வர்றது" என்றார்.

சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றீர்கள். பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குமா என்றும் கேட்டார். இல்லை என்று நான்தான் முந்திக்கொண்டேன்.

நேற்று பெரியவன் தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு இரைத்தது. வாயை ஊது என்றேன்.

"அப்பாவைச் சந்தேகப்பட்டது போதாதாம்மா?" என்றான். ஆனாலும் ஊதினான்.

பீடி வாசம் அடிக்கவேண்டும் என்று தீர்த்தமலையானை வேண்டிக்கொண்டேன், மாமா. அடிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்களை நம்பாதவள்