பள்ளக்குடிக்கு வேண்டிய வரைகலை அட்டை

சிலம்பாறு தன் கரைக்குள்ளேயே ஓடுக. குவளைநாட்டு வயல்கள் விளைக. செங்கோல் வழுவாத நங்கை பெருந்தேவியாரின் கொடி நிமிர்ந்து நிற்க.

அத்தேவியாரின் தலைமையமைச்சர் சாத்தன் எழினியார், கடல்வாய்ப் பட்டினத்துப் பண்டாரத் தலைவரும், முத்தும் பட்டும் அளந்து கை சிவந்தவரும், எடுத்த பொருளில் குறை காணாமல் கீழே வைக்காதவருமாகிய காரி மாணிக்கருக்கு வரைவித்த ஓலை. தங்கள் பட்டினமும் கிடங்கும் சுற்றமும் நலமே இருக்க அமைச்சர் வாழ்த்துகிறார். வாழ்த்தும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே எழுதப் பணித்தார்.

தாங்கள் அறியாததல்ல, ஆயினும் அறியாதவர்போல் நடப்பதால் மீண்டும் சொல்லச் சொல்கிறார். மலையில் மழை விழுந்ததும், வெள்ளம் எந்தக் கரையை எப்பொழுது ஏறும் என்று கணித்துத் திரையில் படமாக வரைந்து காட்டுவது தலைநகரின் வெள்ளநோக்கு மண்டபம். அதன் கணினிகளுக்குக் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டைகள் இரண்டு வேண்டும். வடகரைக்கு ஒன்று, தென்கரைக்கு ஒன்று. தென்கரையின் தாழ்வில் இருப்பது பள்ளக்குடி. படம் வந்தால் அவ்வூரார் பிள்ளைகளையும் மாடுகளையும் மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். வராவிட்டால் தண்ணீர் வாசலில் நின்ற பிறகுதான் அறிவார்கள்.

ஆடி மாதத்திலேயே அமைச்சர் கேட்டார்; இயல்பு அட்டையே போதும் என்றும் சொன்னார். தாங்களோ, தேவியாரின் மண்டபத்தில் இயல்பான பொருளை வைப்பது கொடிக்கே இழுக்கு என்றும், ஆலையிலேயே கடிகார வேகம், அதாவது சில்லு கணக்கிடும் வேகம், கூட்டப்பட்ட அட்டையே தகும் என்றும் மறுமொழி விடுத்தீர்கள். சில்லு இரண்டிலும் ஒன்றே என்றும், ஒன்றில் மட்டும் ஆலைக்காரர் வேகத்தைச் சற்றுத் தூக்கி விலையையும் தூக்கிவிட்டார் என்றும், சூடும் மின்செலவும் கூடுமென்றும், மிச்சமாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நேரமே என்றும் அமைச்சர் விளக்கினார். அதற்கு மறுமொழியாக, அட்டையில் எரியும் வண்ண விளக்குகள் கொடியின் நிறத்துக்கு ஒத்துவருமா என்று கேட்டு ஓர் ஓலை வந்தது. கடைசியில் வேகம் கூட்டிய ஒன்றை வாங்கி யானைமேல் ஏற்றி அனுப்பினீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். அரசபண்டத்துக்குரிய மரியாதை என்று, அதை மாட்டிய கணினிக்குச் சந்தனம் பூசிப் பட்டும் போர்த்துமாறு சடங்கதிகாரி ஒருவரையும் உடன் அனுப்பினீர்கள். பட்டு காற்றுவழியை அடைத்தது. முதல் மழையன்று, வெள்ளப்படம் பாதி வரைந்த நிலையில் அட்டை கொதித்துத் திரை கறுத்துப்போனது. தேவியார் பார்த்துக்கொண்டிருந்தார், அமைச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நல்லவேளை, அன்று மழை மலையோடு நின்றது. பட்டை உருவி எறிந்த பின் அவ்வட்டை ஒரு குறையுமின்றி வடகரையைப் பார்த்துக்கொள்கிறது. அதன்மேல் அமைச்சருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

தென்கரைக்குத்தான் இன்னும் அட்டை இல்லை. நேற்று வந்த தங்கள் ஓலை, முன்னது சூடேறி நின்றதால் அதனினும் வேகமான புது அட்டையே வேண்டுமென்றும், அது மழைக்காலம் கழிந்து கப்பலில் வருமென்றும், அதுவரை பொறுத்தருள வேண்டுமென்றும் கூறுகிறது. அமைச்சர் இதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இயல்பு அட்டைகள் தங்கள் கிடங்கிலேயே உறை பிரிக்காமல் கிடப்பதை அவர் அறிவார். மழையும் தங்கள் கப்பலைப் பார்த்துப் பொறுத்திருக்குமா என்று அவர் கேட்கிறார்.

பள்ளக்குடியின் ஊர்த்தலைவி கொற்றி அவைக்கு வந்திருந்தார். இரு அட்டைகளின் நிறைகுறைகளையும் அவையோர் உச்சிப்பொழுதுவரை அலசியதைக் கேட்டிருந்துவிட்டு எழுந்து, "எது வேகமுன்னு நீங்க பேசி முடிங்க ஐயா. தண்ணி வர்றதுக்கு முன்னால எங்களுக்கு ஒரு சொல்லு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அமைச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆகவே தேவியாரின் ஆணை இது. ஓலை கண்டவுடன் கிடங்கிலுள்ள இயல்பு அட்டை ஒன்றை, யானையும் மேளமும் பட்டும் சந்தனமும் இன்றி, இதைக் கொணர்ந்த குதிரைவீரனிடம் கொடுத்தனுப்புக. புது அட்டைக்குக் காத்திருப்பதே மேலென்று இன்னமும் தாங்கள் கருதினால், தேவியார் தடை சொல்லவில்லை. அவ்வாறாயின் கப்பல் வரும்வரை தாங்கள் பள்ளக்குடியில் தங்கிக் காத்திருக்க வேண்டும். கொற்றியாரின் வீட்டை அடுத்து, ஆற்றைப் பார்த்த வீடொன்று தங்களுக்காக மெழுகி வைக்கப்பட்டிருக்கிறது.

மலைப்பக்கம் இடி கேட்டுக்கொண்டிருக்கையில் குவளை இலச்சினை இடப்பட்டது. குதிரை தங்கள் வாசலிலேயே நிற்கும். அட்டையையோ தங்களையோ ஏற்றிக்கொண்டுதான் திரும்பும்.